கசப்புக்கு ஒரு துணை



காலையுணவைத் தமிழ்நாட்டில் சிலர் 'டிபன்' என்பர். சிலர் 'சிற்றுண்டி' என்பர். மலேசியத் தமிழர்களாகிய நாமோ 'பசியாறுதல்' என்கிறோம். காலையில் யாரைக் கண்டாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். இவ்வளவு அழகிய சொல்லை வைத்திருக்கும் நம் வீடுகளில், காலை வேளையில் உண்மையிலேயே பசி ஆறுகிறதா? இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்து பாகாட்டில் கதிரவன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறான். அதன்பின் சற்று நேரத்திற்குள் பள்ளி மணி அடித்துவிடும். ஆகவே, பிள்ளைகள் இருட்டிலேயே எழுந்து, இருட்டிலேயே குளித்து, இருட்டிலேயே வேனுக்காக வாசலில் நிற்கின்றனர். அந்த அவசரத்தில் தோசை சுட்டு, சட்னி அரைத்துக் கொடுப்பது எல்லாத் தாய்மார்களாலும் இயலாது. பெரும்பாலான வீடுகளில் ஒரு குவளை பானம்தான் பசியாறுதல். அப்படியானால், அந்தக் குவளைக்குள் என்ன இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று.

ஒருமுறை நான்காம் ஆண்டு மாணவர்களிடம் 'இன்று காலை நான் குடித்தது' என்னும் தலைப்பில் மூன்று வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். மைலோ, பால் தேநீர், கோப்பி, ஒன்றுமில்லை... இவையே திரும்பத் திரும்ப வந்தன. ஒரே ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'பாட்டி கேப்பைக்கூழ் கொடுத்தார். எனக்குப் பிடிக்காது. குடித்தேன்.' மூன்றாவது வாக்கியம் என்னைச் சிந்திக்க வைத்தது. அவளை அழைத்து, "பிடிக்காததை எப்படிம்மா குடிச்ச?" என்று கேட்டேன். "பாட்டி கூடவே ஊறுகா தந்தாங்க டீச்சர்" என்றாள்.

பிடிக்காத பானத்தைக் குடிப்பது எப்படி என்பதற்கு நான் படித்த நீண்ட விளக்கங்கள் எதுவும் இந்த விடையை மிஞ்சவில்லை.

எனக்கு ஏன் இந்த அக்கறை?

என் தாயார் யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்முன் அவர் குடித்தது சீனி தாராளமாகப் போட்ட வரக்கோப்பி. காலையிலிருந்து மரம் மரமாக நடந்த உடம்பு அந்தச் சீனியை எரித்துவிட்டது. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்தபின் நடை போயிற்று. சீனி மட்டும் தங்கிவிட்டது. நீரிழிவு முதலில் அவருடைய கால்விரல்கள் இரண்டைக் கேட்டது. பிறகு கண்பார்வையைக் கேட்டது. 2011-இல் அவர் மறைந்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023-இல் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6-ஆக இறங்கியது. ஆயினும், நம் வீட்டுத் திருமணத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். மாத்திரைப் பொட்டலம் இல்லாத கைப்பைகள் எத்தனை இருக்கும்?

சென்ற ஆண்டு எனக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு 6.0 என்று வந்தது. "இன்னும் நீரிழிவு இல்லை, டீச்சர். ஆனால் வாசலில் நிற்கிறது" என்றார் மருத்துவர். நடக்கச் சொன்னார், உணவைச் சீர்படுத்தச் சொன்னார், காலையில் சீனி போட்ட பானத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ், வெந்தய நீர், சீனியில்லாப் பார்லி என்று நானே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன். சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலில் இருந்த எதையும் என் நாக்கு விரும்பவில்லை.

நாக்கின் மேல் பழி போடலாமா?

'அடம் பிடிக்கிறான்', 'வாய்க்கு ருசி கேட்கிறது' என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். கசப்பைத் துப்புவது அடம் அன்று. அது உடம்பின் காவல். நச்சுள்ள தாவரங்கள் பல கசக்கும். அதனால் கசப்பைக் கண்டதும் 'வேண்டாம்' என்று சொல்லும்படி நாக்கு அமைந்திருக்கிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் பலருக்குக் கசப்பு கூடுதலாகவே உறைக்கும்.

அதுமட்டுமன்று, எல்லார் நாக்கும் ஒன்றுபோல் இல்லை. 1931-இல் அமெரிக்க வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸ் தம் ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொருளைக் கையாளும்போது அதன் தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'ஐயோ, கசக்கிறது' என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை! இந்த வேறுபாடு மரபுவழி வருவது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே, ஒரே கூழை அண்ணன் மடமடவென்று குடித்து, தங்கை முகம் சுளித்தால், இருவரும் உண்மையையே சொல்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பழைய அறிவியல் நூல்களில் ஒரு வரைபடம் இருக்குமே, அது சரியன்று. எல்லாச் சுவைகளையும் நாக்கின் பல பகுதிகளும் உணர்கின்றன. எனவே, 'நாக்கில் படாமல் அண்ணாந்து ஊற்று' என்னும் அறிவுரையால் பெரிய பயன் இல்லை.

சீனி என்னும் குறுக்கு வழி

பிடிக்காததைப் பிடிக்கச் செய்ய நமக்குத் தெரிந்த எளிய வழி சீனி. அதைவிட எளிய வழி கட்டிப்பால். கட்டிப்பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் இருபது கிராம் அளவுக்குச் சர்க்கரை குவளைக்குள் இறங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டியில், சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்வது மேலும் நன்மை தரும் என்றது. அது பெரியவருக்கான கணக்கு. பிள்ளைக்கு இன்னும் குறைவு. ஏழு மணிக்கு முன்பே ஒரு நாளின் பங்கு தீர்ந்துவிட்டால் மிச்சமுள்ள நேரத்துக்கு என்ன செய்வது?

ஆலைகளில் தயாராகும் இனிப்புப் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி விதித்தது. அன்று லிட்டருக்கு 40 சென். 2025-இல் 90 சென்னாக உயர்ந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் எந்த வரியும் நம் வீட்டு அடுக்களைக்குள் வந்து கரண்டியைப் பிடித்த கையைத் தடுக்காது. அங்கே நாமேதான் அதிகாரி.

கூழும் வெங்காயமும்

இங்கேதான் அந்த மாணவியின் பாட்டி நினைவுக்கு வருகிறார். தோட்டத்து மக்கள் கூழைச் சீனி போட்டுக் குடித்தார்களா? இல்லையே! முதல் நாள் கரைத்த மாவு புளித்திருக்கும். அதைக் காய்ச்சி, மோரூற்றி, உப்பிட்டுக் கரைப்பார்கள். பக்கத்தில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மாங்காய் ஊறுகாய், சுட்ட கருவாடு. ஒரு மடக்குக் கூழ், ஒரு கடி வெங்காயம். கூழின் சுவையை அவர்கள் மாற்றவில்லை. அதற்கு ஒரு துணையைக் கொடுத்தார்கள். மந்தமான கூழ், உறைக்கும் மிளகாயோடு சேர்ந்தபோது விருந்தாயிற்று.

நம் அண்டை வீட்டாரும் இதே வழியைத்தான் கண்டிருக்கிறார்கள். பத்து பாகாட்டில் சாவக வழிவந்த மலாய்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் நாட்டில் 'ஜாமு' என்னும் மூலிகைப் பானத்தைப் பெண்கள் கூடையில் சுமந்து வீடுவீடாக விற்பது வழக்கம். இந்த ஜாமு மரபை 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதில் 'பஹிதான்' என்னும் வகை கடுங்கசப்பு. அதைக் குடித்தவருக்கு, பச்சரிசியும் கச்சோலமும் சேர்த்து இனிப்பாகச் செய்த 'பெராஸ் கெஞ்சூர்' பானத்தை ஒரு வாய் கொடுப்பார்கள். கசப்பில் இனிப்பைக் கலக்கவில்லை; கசப்புக்குப் பின்னால் இனிப்பை நிறுத்தினார்கள். சீன மருந்துக் கடையில் கசப்புக் கசாயத்தோடு புளிப்பும் இனிப்புமான வில்லைகளைத் தருவதும் இதே முறைதான்.

ஒரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஹிதானில் சேரும் 'சம்பிலோத்தோ' என்னும் செடி வேறொன்றுமில்லை, நம் நிலவேம்புதான்! மலாயில் அதற்கு 'ஹெம்பெடு பூமி', அதாவது 'மண்ணின் பித்தம்' என்று பெயர். ஒரே கசப்பை மூன்று மொழிக்காரர்கள் வெவ்வேறு பெயரிட்டு விழுங்கியிருக்கிறோம். இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் கண்கள் விரிந்தன.

நான் கண்ட வழிகள்

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஓராண்டாக எங்கள் வீட்டு அடுக்களையில் முயன்று பார்த்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. ஒரு சிட்டிகை உப்பு. உப்பு, கசப்பை அடக்கி மற்றச் சுவைகளை முன்னே கொண்டுவரும் என்பதை 1997-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் பாட்டிமார் அதற்கு முன்பே மோரில் காட்டிவிட்டார்கள். சிட்டிகைதான், கரண்டி அன்று. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

2. வறுத்த மணம். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான். சளி பிடித்தால் சாம்பார் சப்பென்று இருப்பது அதனால்தான். கேழ்வரகு மாவை வாணலியில் இளந்தீயில் வாசம் வரும்வரை வறுத்துப் பிறகு காய்ச்சினால் பச்சை வாடை போய்விடும். பார்லியில் ஒரு பண்டான் இலையை முடிந்து போட்டு வேகவைத்து, இறக்கியபின் லீமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழிந்தால் சீனியைத் தேடத் தோன்றாது.

3. கட்டியில்லாப் பதம். பிள்ளைகள் பலர் வெறுப்பது சுவையை அன்று; தொண்டையில் உறுத்தும் பதத்தையே. இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் மகள் முதல் நாள் கூழைப் பார்த்து, "அம்மா, இது செவுத்துக்குப் பூசுற சிமெண்டு மாதிரி இருக்கு" என்றாள். மாவைச் சல்லடையில் சலித்து, முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிநீரில் ஊற்றிக் கைவிடாமல் ஏழெட்டு நிமிடம் கிளறினால் கட்டி விழாது. ஆறியபின் மோர் சேர்த்துத் தளர்த்திக் கொடுத்தேன். சிமெண்டு என்ற பேச்சு அதோடு நின்றது.

4. சூடா, குளிரா? மிதமான சூட்டில் இனிப்பு நன்கு தெரியும். குளிரக் குளிர இனிப்பு மங்கும். பனிக்கட்டி போட்ட பானத்துக்குக் கூடுதல் சீனி தேவைப்படுவது இதனால்தான். ஆகவே, சீனியைக் குறைக்க விரும்பினால் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். மாறாக, மணமே பிடிக்கவில்லை என்பவர்கள் குளிரவைத்துக் குடிக்கலாம். குளிர்ச்சியில் மணம் அதிகம் எழாது.

5. துணை. வெந்தய நீர் எனக்கு இன்றும் கசக்கிறது. ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இலேசாக வறுத்து இரவில் ஊறவைத்து, காலையில் அந்த நீரை மோரோடு குடிக்கிறேன். குடித்த கையோடு அன்னாசித் துண்டு ஒன்று. அன்னாசிக்குப் பெயர்போன ஜொகூரில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமா? பிள்ளைகளுக்குக் கொய்யாத் துண்டோ நான்கைந்து வேர்க்கடலையோ போதும்.

6. படிப்படியாக. மூன்று கரண்டி சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் போர் மூளும். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு கவனிப்பதற்குள் பழகிவிடும். தே தாரிக் இல்லாமல் பொழுது விடியாத என் கணவரே இப்போது 'கோசோங்' கேட்கிறார். கடைக்காரர்தான் முதலில் நம்பவில்லை!

7. சிறிய குவளை. பிடிக்காத பானத்தைப் பெரிய குவளையில் நிரப்பி 'முழுதும் குடி' என்பது தண்டனை. இரண்டு மடக்குப் போதும். நாளை மூன்று. குழந்தைகளின் உணவுப் பழக்கம் பற்றி 1980-களிலிருந்து நடந்த ஆய்வுகள், ஒரு புதிய சுவையைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்கின்றன. நாமோ மூன்றாம் நாளே 'அவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது பழமொழி. அதன் மறுபக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்வோம்: பழகப் பழகக் கசப்பும் இனிக்கும். இனிக்காவிட்டாலும் உறுத்தாது. 'பத்து' என்றால் கல், 'பாகாட்' என்றால் உளி. உளியின் பெயரைத் தாங்கிய ஊரில் இருக்கும் நமக்கு, ஒரே அடியில் கல் வடிவம் பெறாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகள்

இவை எதுவும் மருத்துவர் தரும் மாத்திரைக்கு ஈடு ஆகா. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். எனினும் அதுவும் மாவுச்சத்துதான். நீரிழிவு உள்ளவர் அண்டா நிறையக் குடிக்கலாகாது. மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்ற தாய்மார்களும் வெந்தயம், நிலவேம்பு போன்றவற்றை அன்றாடப் பழக்கமாக்கும்முன் மருத்துவரிடம் கேளுங்கள். நிலவேம்பைப் பிள்ளைகளுக்கு நாமாகக் கொடுக்கவே வேண்டாம். பனங்கருப்பட்டி, தேன், குளா மெலாக்கா ஆகியவை மணத்தில் உயர்ந்தவை; ஆனால் உடம்பின் கணக்கில் அவையும் சர்க்கரையே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்னும் துணை உணவுத் திட்டம் நம் பள்ளிகளில் கைகொடுக்கிறது. அது எல்லார்க்கும் கிடைப்பதில்லை. அது கிடைக்காத பிள்ளையின் காலைக் குவளை வீட்டில்தான் நிரம்ப வேண்டும். அந்த வீட்டுக்குள் நம் சொல் எட்ட, பிள்ளையே நல்ல தூதுவன். அறிவியல் பாடத்தில் சுவையைப் பற்றிப் பேசும் நாளில் நான்கு சிறு கிண்ணங்களில் சீனி நீர், உப்பு நீர், எலுமிச்சை நீர், வெந்தய நீர் வையுங்கள். ஒவ்வாமை உண்டா என்று முன்னரே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யார் முகம் சுளிக்கிறார், யார் சுளிக்கவில்லை என்று பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும். பிறகு வெந்தய நீரில் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்து மீண்டும் சுவைக்கச் சொல்லுங்கள். மறுநாள், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ காலையில் என்ன குடித்து வளர்ந்தார் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அறிவியலும் தமிழும் குடும்ப வரலாறும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கொடுப்பதையே நீங்களும் குடியுங்கள். அம்மா கையில் பால் தேநீரும் பிள்ளை கையில் கூழும் இருந்தால், அது உணவு அன்று, வேலைவாங்கல் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். மாவைக் கரைக்கவும் வெங்காயம் உரிக்கவும் அவர்களையே விடுங்கள். தன் கையால் கரைத்ததை எந்தப் பிள்ளையும் எளிதில் ஒதுக்குவதில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் என் அளவு 5.8-ஆக இறங்கியிருந்தது. மாலை நடையும் குறைத்த சோறும் அதில் பங்கு கொண்டவை. கூழுக்கு மட்டும் மாலை சூட்ட மாட்டேன். ஆனாலும் என் தாயாருக்குக் கிடைக்காத ஒரு முன்னறிவிப்பு எனக்குக் கிடைத்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. உங்கள் வீட்டில் பிடிக்காத பானத்தை எந்தத் துணையோடு குடிக்கிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகு மாவு ஒரு பொட்டலம் வாங்குங்கள். சின்ன வெங்காயத்தையும் மறவாமல் வாங்குங்கள்.

நலமே சூழ்க!